ஆழம் பார்த்த சனிக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, கனவில் வந்து குறி சொல்வது, இதொன்றையும் நான் கணக்கில் எடுத்தவள் இல்லை. எங்கள் சபையில் யாராவது தரிசனம் கண்டேன் என்று சாட்சி சொல்ல எழுந்தால், இரவு கொத்துரொட்டி கூடிப்போயிருக்கும் என்று பக்கத்தில் இருப்பவளின் காதில் சொல்லிச் சிரிக்கிற ஆள். இதைக் கேட்டு நீங்களும் அப்படித்தான் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நான் கண்டது கண்டதுதான்.

இலங்கையில் யுத்தம் முடிகிற அந்த மே மாதம். டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு தையல் ஃபாக்டரியில் எனக்குக் காலை ஷிஃப்ட். என் தம்பி ரூபன் வன்னியில் அகப்பட்டிருந்தான், மூன்று கிழமையாக ஒரு தகவலும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கனடாவிலிருந்து தெரிந்தவர் ஒருவர் ஃபோன் எடுத்து, ரூபன் செல்லடியில் செத்துப்போனானாம், கண்டவர்கள் சொன்னார்கள் என்றார். அவ்வளவுதான், வீடு நிறையச் சனம். ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனை என்று எல்லோரும் முடிவே எடுத்துவிட்டார்கள், நான் சம்மதித்து ஓம் என்று ஒரு சொல் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த நாள் சனி மத்தியானம் வேலை முடிந்து வந்ததும் கணவர் கேட்டார்.

“இஞ்சரும், பாஸ்டர் ஆறு மணிக்கு முதல் பதில் கேக்கிறார். என்ன சொல்ல?”

“நான் மீன் பிடிக்கப் போறன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. உண்மையில் எனக்குப் பயம். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் தம்பியை நானே குழிக்குள் இறக்குவதாக நினைத்தேன்.

என்னோடு தைக்கிற டேனிஷ்காரி கியர்ஸ்டனும் நானும் சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஓடுகிற சின்ன ஆற்றுக்குத் தூண்டிலோடு போவோம். அவள் பாண் ரொட்டியை நனைத்து எறிவாள், நான் மிஞ்சின புட்டை உருட்டி எறிவேன், நம்பினால் நம்புங்கள், மீன்கள் புட்டுக்குத்தான் கூடும். பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விடவேண்டும் என்பது அவள் சட்டம். எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

தக்கையைச் சரியான இடத்தில் கட்ட முதலில் ஆழம் தெரியவேண்டும். நூலில் ஒரு ஈயக்கட்டியைக் கொளுவி அங்கங்கே இறக்கிப் பார்ப்போம். அன்று பார்த்தபோது பாலத்துப் பக்கம் ஈயம் போய்க்கொண்டே இருந்தது, ஆளை விழுங்குகிற பள்ளம். வில்லோ மரத்துப் பக்கம் இடுப்பளவுதான். மரத்துப் பக்கம் தக்கையைப் போட்டுவிட்டு இருந்தேன்.

மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். எதிர்க்கரை நாணலுக்குள்ளிருந்து ஒரு ஆள் தண்ணீருக்குள் இறங்கினான். மடித்துக் கட்டிய சாரம், தோளில் ஒரு சின்னப் பெண் பிள்ளை, மஞ்சள் சட்டை, இரண்டு கையாலும் அவன் தலைமயிரைப் பிடித்திருந்தது. முகம் மெலிந்து தாடி வளர்ந்திருந்தாலும் என் தம்பியை எனக்குத் தெரியாதா? நெஞ்சளவு தண்ணீரில் அவன் நேரே பாலத்துப் பள்ளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

நான் எழும்பித் தூண்டில் தடியால் வில்லோ மரத்தைக் காட்டிக் காட்டி வீசினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை, பிள்ளைதான் பார்த்தது. பிறகு குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னது. அவன் திரும்பினான், மரத்துப் பக்கமாக நடந்தான், தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது. என் கரை நாணல் அசைந்தது, அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை.

“யாருக்குக் கை காட்டுகிறாய்?” என்று கியர்ஸ்டன் டேனிஷில் கேட்டாள். அவள் ஒருவரையும் காணவில்லை. ஆனால் படகே போகாத அந்த ஆற்றில் அவளுடைய தக்கை அலையில் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போய் கணவரிடம் சொன்னேன்.

“ஆராதனை வேண்டாம். அவன் உயிரோடை இருக்கிறான்.”

அதற்குப் பிறகு கடையிலும் சபையிலும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். இரண்டு கிழமை கழித்து அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவரின் ஃபோனில், “அக்கா, நான்தான்,” என்று ரூபன் கதைத்தான். நான் ஃபாக்டரித் தரையில் குந்திக் குழறி அழுதேன், மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள்.

நந்திக்கடல் களப்புத் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தானாம். காலில் காயப்பட்ட ஒரு தாய் தன் பிள்ளையைக் கொண்டுபோகச் சொல்லிக் கரையில் வைத்து இவன் கையில் கொடுத்தாளாம். அந்தத் தாயும் பிறகு வேறு ஆட்களோடு வந்துசேர்ந்து, முகாமில் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டாள், ஆண்டவருக்குத் தோத்திரம்.

“நடுத்தண்ணியிலை அந்தப் பிள்ளை சொன்னது, மாமா, அங்கை ஒரு அன்ரி தடியாலை காட்டுறா, அந்தப் பக்கத்தாலை போகட்டாம் எண்டு. நான் நிமிர்ந்து பாக்கேல்லை அக்கா, திரும்பி நடந்தன். நேரை போனவை தண்ணிக்குள்ளை தாண்டு செத்துப்போச்சினம்.”

“அது சண்டை முடியிறதுக்கு முதல் சனிக்கிழமைதானே?” என்றேன்.

“இல்லை, அதுக்கடுத்த திங்கள் விடிய. சனிக்கிழமை நான் பங்கருக்குள்ளை. அந்தப் பிள்ளையை அதுக்கு முதல் கண்டதே இல்லை.”

பிறகு நான் எத்தனையோ தரம் நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டேன், அது மாறவில்லை. அந்தச் சனி நான் ஓம் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்திருந்தால், திங்கட்கிழமை அந்தப் பிள்ளை அக்கரையில் யாரைக் கண்டிருக்கும்?