அத்தை நீட்டிய சொம்பு

அத்தை வீட்டுப் பித்தளைச் சொம்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுண்டிப்போகிறது. அனுப்பர்பாளையத்தில் வாங்கியது, புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று வைத்திருப்பார். எங்கள் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தான். வந்தவர் ஒரு வாய் குடித்த பிறகே மற்றப் பேச்சு. வேண்டாமென்றால், உங்கள் உறவே வேண்டாமென்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. ஓடைக்குக் கீழே அவர் தோட்டம். தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று எங்கள் ஊர்களில் கிணற்றில் ஆமை விடுவார்கள். அத்தையைக் கட்டிக்கொடுத்த புதிதில், சிறுவனாக இருந்த அப்பாதான் குளத்தில் ஓர் ஆமையைப் பிடித்துச் சாக்கில் சுமந்துபோய் அந்தக் கிணற்றில் விட்டாராம். கிணற்றோரத் தென்னையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். பள்ளி விடுமுறையில் கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து, ஆமை எப்போது மேலே வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் ஓடைக்கு மேலே அப்பா சாயப்பட்டறை போட்டார். பனியன் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் குவிந்த காலம். பட்டறையில் என்ன நிறமோ, ஓடையிலும் அதே நிறம். "இன்னைக்குச் செவப்பு" என்று நாங்கள் சிரிப்போம். சிரித்தோமே, அதைச் சொல்லத்தான் நாக் கூசுகிறது. "உங்கக்கா தோட்டத்துக்குத்தானுங்க போகுது" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். "ஊரே விடுது. நான் நிறுத்துனா மட்டும் ஓடை வெளுத்துருமா?" என்றார் அப்பா. என் கல்லூரிப் படிப்பும் எங்கள் மாடி வீடும் அந்த ஓடையில் வந்தவைதான்.

புது வீட்டில் அக்கா கையால் பால் காய்ச்ச வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே ஆசை. அழைக்கப் போனோம். அத்தை சொம்பை நீட்டினார். தண்ணீர் பால் விடாத டீயின் நிறத்தில் இருந்தது.

"இப்பத்தானுங்க்கா குடிச்சுட்டு வந்தோம்" என்றார் அப்பா.

அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நீட்டிய கையை மடக்கி, அவரே அதை அண்ணாந்து குடித்தார்.

"ஆமை கெணத்துப் படியில மேல ஏறி வந்துருச்சுங்க தம்பி. வாய்க்கால்ல செத்துக் கெடந்துது" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அப்பா தென்னையை நிமிர்ந்து பார்த்தார். அதில் ஒரு கூடுகூட இல்லை.

அத்தை வரவில்லை. அம்மாதான் பால் காய்ச்சினாள். கேட்டவர்களிடமெல்லாம் அக்காவுக்குக் கால்வலி என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா காலமான பிறகு, சென்ற மாதம் நான் மட்டும் அத்தையைப் பார்க்கப் போனேன். எந்த நிறத்தில் கொடுத்தாலும் குடித்துவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். "ஊட்டுக்குள்ள வா கண்ணு" என்று கூப்பிட்டு, அதே சொம்பை நீட்டினார். உள்ளே தண்ணீர் தெளிவாக இருந்தது. நான் தயங்குவதாக நினைத்துவிட்டார்.

"பயப்படாமக் குடி கண்ணு. நீங்க யாராச்சும் வந்தாக் குடுக்கோணும்னு கேன் தண்ணி வாங்கி வெச்சிருக்கறேன்."

குடித்தேன். அத்தை தனக்குப் பானையிலிருந்து மொண்டுகொண்டார். அது என்ன நிறம் என்று பார்க்க எனக்கு முகமில்லை.