நனையாத நார்

நான் மாமியாருக்குச் செய்தது பாவம் என்று சொல்பவர்கள், அந்த வீட்டில் என் அப்பா நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டும்.

நாடு சுதந்திரம் வாங்கின மறு வருஷம் என்னைத் திருவட்டாற்றில் கட்டிக்கொடுத்தார்கள். சீரோடு அப்பா ஒரு ஸ்டூலும் கொடுத்தார். அயனிமரத்தில் கால்களைச் செதுக்கியதும் பனைநாரில் இருக்கையைப் பின்னியதும் அவரேதான். வந்த அன்றைக்கே மாமியார் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

பெண் கொடுத்தவர், சம்பந்தி வீட்டில் 'இரிங்க' என்று சொல்லாமல் உட்காரமாட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அப்பா வாழைக்குலை சுமந்து நடந்தே வருவார். அவர் செய்த ஸ்டூலிலேயே இருந்து வெற்றிலை மென்றபடி மாமியார் ஊர்க்கதை கேட்பாள். அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வராது. வீங்கின காலோடு அவர் தூணைப் பிடித்து நிற்பதை மூன்று வருஷம் பார்த்தேன். நாலுபேர் முன்னால் இவளைத் தரையில் இருத்தாமல் விடமாட்டேன் என்று அடுப்படியில் நின்று கறுவினேன்.

ஸ்டூலின் பின்னல் தொய்ந்தது. நாத்தனாரைப் பெண் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. "ஏட்டி, அதுக்குள்ள இதப் பின்னி வையி" என்றாள் மாமியார். நாரை ஒருநாள் முழுக்க ஊறப்போட்டுப் பின்னினால்தான் காய்ந்து இறுகும். நான் ஊறப்போடவில்லை. பரணில் கிடந்த, பூச்சி அரித்த நாரைக் காய்ந்தபடியே பின்னினேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பெஞ்சில் இருந்தார்கள். கெட்ட நேரம், அப்பாவும் குலையோடு வந்து சேர்ந்தார். வந்தவர்கள் பார்க்கிறார்களே என்று மாமியாருக்குத் திடீரென்று மரியாதை பொங்கியது. ஸ்டூலைத் தூக்கி அவர் முன்னால் போட்டாள்.

"இரிங்க அண்ணாச்சி!"

 "அப்பா, வேண்டாம்" என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் குனிந்து, இருக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். பின்னுகிறவர்களின் பழக்கம். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார்.

"மைனி நிக்கையில நான் இரிக்கதா? எனக்கு நின்னு பழகின காலு. நீங்க இரிங்க."

மாமியார் பெருமையாக அதில் உட்கார்ந்தாள். படபடவென்று நார் அறுந்தது. இடுப்புவரை உள்ளே போய், இரண்டு காலும் மேலே தூக்கிக்கொண்டு, ஸ்டூலோடு சரிந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு யாரும் சொல்லாமலே போய், மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் பெஞ்சில் இருந்தார். "மக்கா, கொஞ்சம் காப்பித்தண்ணி கொண்டா" என்றார்.