மஞ்சள் இடிக்கப் போகாதவள்

எழுபதுகளின் தொடக்கம் வரை நல்லூரில் ஒரு லைன் வீட்டில் நானும் அவரும் எட்டு வருஷம் குடியிருந்தோம். இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி. அவர் துணி வெட்டுவார், நான் தைத்ததை மடித்து அடுக்குவேன். தங்கை கல்யாணம் முடியட்டும், அப்புறம் நம் கல்யாணம் என்றார். தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் எங்களுக்கு முகூர்த்தம் அமையவில்லை. என் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிறு நானே வாங்கி நானே கட்டிக்கொண்டது. இல்லாவிட்டால் யார் வீடு கொடுப்பார்கள்?

லைனில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் சுமங்கலிகள் கூடி மஞ்சள் இடிப்பார்கள். வீட்டுக்கார அம்மா என் வாசலுக்கே வந்துவிடுவார்.

"வா கண்ணு, ஒலக்கை புடிக்க ஆளு பத்தல."

"தலைவலிங்கம்மா."

ஊரையே ஏமாற்றிய எனக்கு அந்த உலக்கையைத் தொட மட்டும் பயம். அடுத்த வீட்டுப் பெண்ணின் வாழ்க்கைக்கு என்னால் ஏதாவது ஆகிவிட்டால்? எல்லாம் முடிந்தபின் போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுப்பேன். காரணத்தை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடமே சட்டையைத் தேய்த்து வாங்கிக்கொண்டு பெண் பார்க்கப் போனவர், அடுத்த மாதம் அவளையே கட்டிக்கொண்டார். ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டேன்.

"தாலி கட்டுன சாட்சி இல்லாட்டியும் பரவால்லீங்க," என்றார் என் வக்கீல். "ரொம்ப வருஷம் ஒண்ணா இருந்து, அக்கம்பக்கமும் புருஷன் பொண்டாட்டின்னு நம்பியிருந்தா, கோர்ட்டும் அப்படியே எடுத்துக்கும்."

வீட்டுக்கார அம்மா சாட்சி சொல்ல வந்தார். பாதிவரை நன்றாகத்தான் போனது. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"இவங்க என்னைக்காச்சும் உங்ககூட மஞ்சள் இடிச்சிருக்காங்களா?"

அந்தக் கேள்வியை வக்கீலுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். என்னோடு எட்டு வருஷம் இருந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. கூப்பிட்டா தலைவலின்னு சொல்லிப்போடும்." சொல்லிவிட்டு வீட்டுக்கார அம்மா என் பக்கம் திரும்பினார். அந்த எட்டு வருஷத் தலைவலியும் அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "தங்கமான பொண்ணுங்க, யாரு நல்லதுக்கும் குறுக்க வராது," என்று குரல் தாழ்த்திச் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அக்கம்பக்கமே என்னைச் சுமங்கலியாக நம்பவில்லை என்றாகி, அதுவே என் வழக்கை முடித்துவிட்டது.

மனைவி இல்லை என்று தீர்ப்பு வந்தது. முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு கோர்ட் படி இறங்கினேன். அவருக்கு வராத வெட்கம் எனக்கு ஏன் வந்தது என்று இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது. ஆனாலும் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தத் தை மாதம் வீட்டுக்கார அம்மாவின் மகளுக்கே கல்யாணம். காலையில் குளித்துத் தலைமுடிந்து, கதவை ஒருக்களித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். பெண்கள் ஒவ்வொருவராக என் வாசலைத் தாண்டிப் போனார்கள். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் உலக்கைச் சத்தம் கேட்டது. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே தலைவலி வந்தது.