செனோனும் லுத்விக்கின் மூக்குக்கண்ணாடியும்

கிராக்கோவ் ரயில் நிற்காமல் போகும் எங்கள் ஊரில் அதிர்ஷ்டத்துக்கு இரண்டு கால் உண்டு, ஒரு ஏணி உண்டு, செனோன் என்று பெயரும் உண்டு. வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கி சுத்தம் செய்கிறவர். கறுப்புச் சட்டை, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், தோளில் சுருட்டிய கயிறு, கயிற்று நுனியில் இரும்புக் குண்டும் கம்பித் தூரிகையும். அவரைக் கண்டால் யாராக இருந்தாலும் தன் சட்டைப் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டு மனதில் ஒன்றை நினைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கண்ணில் படும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் நினைத்தது போச்சு. இதெல்லாம் சும்மா என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். சொல்லும்போது அவர்கள் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

செனோன் நுழைந்தால் தெருவே ஒற்றைக் கையால்தான் வேலை செய்யும். ரொட்டிக்காரி ஒற்றைக் கையால் ரொட்டி கொடுப்பாள். பாதிரியாருக்குத்தான் பாவம் திண்டாட்டம், அங்கியில் கழுத்திலிருந்து கால்வரை பொத்தான், எதைப் பிடிப்பது? பிறகு எல்லோரும் மூலையிலிருக்கும் மருந்துக்கடைக்கு ஓடுவார்கள். அந்தத் தெருவில் கண்ணாடி போட்டவர் கடைக்காரர் லுத்விக் ஒருவர்தான். வந்ததற்கு வெறுங்கையோடு போனால் நன்றாயிராதே என்று இருமல் மிட்டாய் வாங்குவார்கள். எங்கள் ஊரில் இருமாதவர் வீட்டிலும் இருமல் மிட்டாய் குவிந்து கிடக்கும்.

செனோனுக்கு அந்தப் பொத்தான் மரியாதை என்றால் உயிர். அதற்காகவே பக்கத்து வீட்டுக்கும் ஊரைச் சுற்றித்தான் போவார். அப்படிப்பட்டவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தவள் மனைவி போஜெனா. சமையலறைச் சுவரில் காற்றுப்போகக் கம்பித் துவாரம் உண்டு. மெழுகுவத்தியைப் பிடித்தால் சுடர் அந்தப் பக்கம் சாய வேண்டும். செனோன் பிடித்தார். சுடர் அசையவில்லை.

"காத்து கொஞ்சங்கூட இழுக்கலியே, உள்ள ஏதோ அடைச்சிருக்கு" என்றார் முகத்தைச் சுருக்கிக்கொண்டு.

"ஏங்க, அது பாலாடைக்கட்டி துருவுற துருவி. ஆணியில மாட்டியிருக்கேன். துவாரம் அந்தாண்ட இருக்கு."

செனோன் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.

"ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டா என்ன?" என்றாள் போஜெனா.

"அறிவிருக்காடி உனக்கு? கறுப்புச் சட்டையும் கண்ணாடியும் ஒரே ஆளுகிட்ட இருந்தா சனம் பொத்தானைப் புடிக்கிறதுக்கும் விடுறதுக்கும் சரியாப் போயிரும். கண்ணு தெரியாதவனை அதிர்ஷ்டம்னு எவன் கும்பிடுவான்? அப்புறம் நான் வெறும் கரிக்காரன்தான்."

"கூரையிலேருந்து விழுந்தா மட்டும் ரொம்ப அதிர்ஷ்டமாக்கும்!"

அவர் கேட்கவில்லை. அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை ஹலினா கூப்பிட்டனுப்பினாள். அவள் புகைபோக்கியில் காக்கை கூடு கட்டி, சமையலறை முழுக்கப் புகை. ஹலினாவின் வீடும் கிராஜினாவின் வீடும் ஒட்டிப் பிறந்தவை. ஒரே கூரை, உச்சியில் ஒரே தூண், அதில் இரண்டு வாய். இடது வாய் ஹலினாவுடையது. வலது வாயைக் கிராஜினா பல வருஷமாய்த் திரும்பியே பார்த்ததில்லை. "எங்களுக்கு கேஸ் வந்துருச்சு, இனிமே உன் தூரிகை எதுக்கு?" என்று செனோனை வாசலோடு அனுப்பிவிட்டு, கணப்பு அடுப்புக்குள் பூச்சாடி வைத்திருந்தாள்.

அன்றைக்குக் கிராஜினாவின் மகள் கிங்காவுக்குக் கல்யாணம்.

செனோன் மேலே போனார். இரண்டு வாயும் ஒரே கறுப்பாய்த் தெரிந்தன. வலது வாய்க்குள் ஏதோ கூடுபோலக் கிடந்தது. அது அவருடைய தொப்பியின் நிழல். இரும்புக் குண்டை இறக்கினார்.

கீழே, தேவாலயத்துக்குக் கிளம்பும் முன் ஆசீர்வாதம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பிளாஜெயும் கிங்காவும் கணப்புக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார்கள். மேசையில் ரொட்டியும் உப்பும். கிராஜினா கண் கலங்கி, கையை உயர்த்தி, "மேல இருக்கிறவர் உங்களுக்கு எல்லாத்தையும் அள்ளிக் கொடுக்கட்டும்" என்றாள். மேலே இருந்தவர் அள்ளிக் கொடுத்தார். இத்தனை வருஷக் கரியும் ஒரே இறக்கமாய் இறங்கிப் பூச்சாடியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது.

அலறல் புகைபோக்கி வழியாகக் கூரைவரை கேட்டது. செனோன் குனிந்து கத்தினார்: "ஹலினாக்கா, கூடு விழுந்துச்சா?"

"கூடா? குடும்பமே விழுந்துச்சுடா படுபாவி!" என்றது புகைபோக்கி. குரல் கிராஜினாவுடையது.

செனோன் இறங்கி ஓடி வந்தார். வாசலில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். எல்லோரும் கறுப்பு உடுத்தி, பேச்சில்லாமல் நின்றார்கள். உடனே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"எனக்குச் சேதியே தெரியாதே தாயி. யாரு போய்ச் சேர்ந்தது?"

"இன்னும் யாரும் போகல. போகப்போறவன் இதோ வாசல்ல நிக்கிறான்!" என்று பூச்சாடியைத் தூக்கினாள் கிராஜினா.

அவள் கையைப் பிடித்து நிறுத்தியவர் லுத்விக். அவர் கிராஜினாவுக்குத் தம்பி, கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். தன் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை உள்மடிப்பில் துடைத்தார், செனோனின் மூக்கில் மாட்டினார்.

"நல்லாப் பாரு, நீ பண்ணி வெச்சிருக்கிற காரியத்தை."

செனோன் பார்த்தார். உப்பு மிளகுத்தூளாய்க் கிடந்தது. வெள்ளைக் கவுன் அடுப்படித் துணியாய்த் தொங்கியது. கிங்காவின் கன்னத்துக் கரியில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது. அத்தனையும் துல்லியமாய்த் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். இனி இந்த ஊரில் நம்மைக் கண்டால் பொத்தானைப் பிடிக்க மாட்டார்கள், கதவைத்தான் சாத்துவார்கள் என்று நினைத்தார்.

அப்போது மாப்பிள்ளையின் கை, அவனைக் கேட்காமலே, கோட்டுப் பொத்தானுக்குப் போனது. பழக்கம் யாரை விட்டது? பக்கத்தில் நின்ற கிங்காவின் சித்தப்பன் கையும் போனது. பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரிலேயே கண்ணாடி! கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி.

"அட, ஓடவே வேணாம்!" என்றார் சித்தப்பன். "ஒன்னு நினைச்சு முடிச்சாச்சு. இன்னொன்னும் நினைச்சுக்கலாமா?"

"எனக்குப் பொத்தான் முதுகுப் பக்கம்ல இருக்கு!" என்று கிங்கா பதறினாள். "பிளாஜெய், புடிங்க, சீக்கிரம்! அவரு கண்ணாடியைக் கழட்டிடப் போறாரு!"

பிளாஜெய் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. கிங்கா சிரித்த சிரிப்பில் கரி உதிர்ந்தது. அந்தக் கவுனோடுதான் போவேன் என்று பிடிவாதமாய்த் தேவாலயத்துக்குப் போனாள். கிராஜினா திட்டிக்கொண்டேதான் பின்னால் நடந்தாள். ஆனால் ஒரு கை கழுத்துப் பொத்தானில் இருந்தது.

அகப்பட்டுக்கொண்டவர் லுத்விக் ஒருவர்தான். தானும் பொத்தானைப் பிடித்துவிட்டு, "கண்ணாடி போட்டவன் எங்கடா? எனக்கு ஒன்னும் தெரியலியே!" என்று தேவாலயம்வரை தடவிக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் செனோன் சொந்தமாகவே ஒரு கண்ணாடி வாங்கினார். தெருவில் வரவேற்பு முன்பைவிட அமோகம். இருமல் மிட்டாய்தான் போணியாகவில்லை. லுத்விக் அவரோடு இன்னும் பேசுவதில்லை, கடை வாசலில் பொத்தானைப் பிடித்தபடி முறைப்பதோடு சரி.

ஹலினா விடவில்லை. "என் வீட்டுக் கூடு அப்படியேதானே இருக்கு!" என்று அவரை மறுபடி கூரையில் ஏற்றினாள். செனோன் கண்ணாடியோடு இடது வாய்க்குள் பார்த்துவிட்டு இறங்கினார்.

"அக்கா, நாலு குஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு. பறக்குற வரைக்கும் அடுப்பு மூட்டாதீங்க."

"அதுவரைக்கும் நான் எங்கடா திங்கிறது?" என்றாள் ஹலினா, பொத்தானைப் பிடித்துக்கொண்டே.

"கிராஜினா வீட்டுல போய்ச் சாப்பிடுங்க. இந்த ஊர்லயே சுத்தமான புகைபோக்கி இப்ப அவங்களோடதுதான்."