கண்டிக்கு வராமல் இருந்திருந்தால்…

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய் வந்தோம். நானும் என் மகள் தர்ஷினியும்.

அவளுடைய சிநேகிதி நிரோஷாவுக்கு மருத்துவ பீடம் கிடைத்திருக்கிறது. வாழ்த்துச் சொல்லத்தான் போனோம். நல்ல விஷயம்தானே? அப்புறம் ஏன் நான் இரண்டு வாரமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்? மழை என்றேன். கினிகத்தேனைப் பக்கம் ரோட்டில் மண் சரிகிறது என்றேன். இடுப்பு வலி என்றுகூடச் சொன்னேன்.

கடைசியில் தர்ஷினி சொல்லிவிட்டாள். "நீங்க வராட்டி நான் தனியா போறேன்ப்பா. அவ என் ஃபிரெண்டு."

கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். நாங்கள் ஹட்டன்காரர்கள். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் தர்ஷினியும் நிரோஷாவும் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். பெரும்பாலும் இவள் முதலாவது, அவள் இரண்டாவது. இரண்டு பேருக்கும் டொக்டராக வேண்டும் என்று ஆசை.

எனக்கோ அதைவிடப் பெரிய ஆசை. கண்டியில் நல்ல பாடசாலை, பேர்போன டியூஷன் மாஸ்டர்மார்… அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பிள்ளை பறந்துவிடாதா? கம்பனியில் கெஞ்சிக் கூத்தாடி இடமாற்றம் வாங்கினேன். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வாடகை வீடு. நிரோஷா ஹட்டனிலேயே இருந்துவிட்டாள். அவளுடைய அப்பா டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் எங்கே போவது?

இந்த நாட்டுக் கணக்கு உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவத்துக்கு மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, அதற்குக் கீழே எடுத்தால் இடமில்லை. கண்டியில் அது கூடுதல், ஹட்டன் இருக்கிற நுவரெலியாவில் குறைவு. எந்த மாவட்டத்தில் படித்தாயோ அந்த மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான் உனக்குப் போட்டி. நான் குறை சொல்ல மாட்டேன். உயிரியலுக்கு ஆசிரியரே இல்லாத பாடசாலையில் படிக்கிற பிள்ளை வேறு எப்படி மேலே வரும்?

அப்போது இது எனக்குத் தெரியாதா? தெரியும். கூட வேலை செய்தவர் ஒருவர் வாய்விட்டே சொன்னார். "ஏ.எல். பரீட்சை வரைக்கும் இங்கயே வச்சிருங்க. அவசரப்பட்டு மாவட்டத்த மாத்தாதீங்க."

நான் சிரித்தேன். என் மகளுக்கு எதற்குச் சலுகை என்று நினைத்தேன். பெருமைதான்… வேறென்ன?

ஏ.எல். ரிசல்ட் வந்தது. நல்ல ரிசல்ட். ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கணக்கெடுக்கிற இசட் ஸ்கோர் பயமுறுத்தியது. போன வருஷத்துக் கண்டி வெட்டுப்புள்ளியை ஒட்டியே நின்றது; இந்த வருஷம் அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. நான், மனைவி வசந்தி, தர்ஷினி – மூன்று பேரும் லெப்டொப்பைச் சுற்றி உட்கார்ந்து விண்ணப்பித்தோம். முதலில் நாட்டிலுள்ள மருத்துவ பீடங்களையெல்லாம் வரிசையாகப் போட்டாயிற்று. அடுத்தது?

"பல் வைத்தியம் போடு" என்றேன்.

"வேணாம்ப்பா. வாழ்க்கை பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

"அப்ப என்ன போடுவ?"

"மிருக வைத்தியம். பேராதனையிலதான் இருக்கு."

"மாட்டு டொக்டரா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. வசந்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தர்ஷினி தன்பாட்டுக்கு டைப் பண்ணிக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து வெட்டுப்புள்ளி வந்தது. தசமத்துக்குப் பின்னால் வருகிற ஏதோ ஓர் இலக்கத்தில் மருத்துவம் கைவிட்டுப் போனது. மிருக வைத்தியம் கிடைத்தது. அதே திரையில் நுவரெலியா மாவட்டத்துக்கு எதிரே இருந்த இலக்கத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். என் மகளின் மார்க் அதைத் தாண்டி எங்கேயோ நின்றது.

நிரோஷாவின் மார்க் தர்ஷினியுடையதைவிடக் குறைவு. வெட்டுப்புள்ளியைத் தொட்டும் தொடாமலும் அவள் உள்ளே போய்விட்டாள்.

தர்ஷினி இரண்டு நாள் அழுதாள். பிறகு நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. அழுகையை அல்ல, பேச்சை. "அங்கேயே இருந்திருந்தா…" சோறு சாப்பிடும்போது சொன்னேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னேன். "இன்னொரு தடவை எழுதிப் பாரேன்" என்றும் கேட்டேன். "இன்னொரு வருஷம் டியூஷன் கிளாஸ்ல உக்கார எனக்குத் தெம்பு இல்லப்பா" என்று முடித்துவிட்டாள்.

இந்த மனசோடுதான் நிரோஷா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"வாங்கண்ணே… வா தர்ஷினி" என்று நிரோஷாவின் அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். மழையைப் பற்றிப் பேசினோம். பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டார். குண்டசாலையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றும் கேட்டார். மருத்துவம் என்ற சொல்லை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நிரோஷா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்… ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். வரிசையாக செலோடேப் துண்டுகள். ஒன்றிலே நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பலூன்களைக் காணவில்லை. நாங்கள் வருகிறோம் என்று கழற்றி வைத்திருக்கிறார்கள்! அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போகிறது. அந்தச் சந்தோஷத்தை என் முகத்துக்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

தர்ஷினியும் பார்த்துவிட்டாள்.

"பலூனெல்லாம் எங்கடி?"

நிரோஷாவின் கண் கலங்கிவிட்டது. "அம்மாதான் கழட்டச் சொன்னாங்க… ஒன் மார்க் என்னைவிடக் கூடடி. நீ இங்கயே இருந்திருந்தா…"

எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார்கள். அதைவிட எல்லாரும் பார்த்திருக்கலாம்.

தர்ஷினி எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். "லூசு. நான் இங்க இருந்திருந்தா நீ எங்கடி இருந்திருப்ப? பார்டர்ல பாஸான ஆளு நீ. ஒன்னைத் தள்ளிவிட்டுட்டுல்ல நான் போயிருப்பேன்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நிரோஷாவின் அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். உள்ளே ஓடிப்போய் கேக் கொண்டுவந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் சொன்னது சரிதான். ஆனால் இத்தனை நாள் "இருந்திருந்தா" என்று நான் போட்ட கணக்கில் நிரோஷா என்ற பிள்ளை ஒரு தடவைகூட வரவில்லையே… பெற்றவர்கள் போடுகிற கணக்கில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எப்போது இடம் இருந்திருக்கிறது?

"கங்கிராஜுலேஷன்ஸ்மா" என்றேன். நிரோஷா குனிந்து என் காலைத் தொட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பும்போது, கம்பளை தாண்டியதும், கேட்டேவிட்டேன்.

"தர்ஷினி… நாம கண்டிக்கு வராம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு நீ நெனைக்கிறதுண்டா?"

இல்லையப்பா என்று சொல்வாள் என்றுதான் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்காகத்தான் கேட்டேன்.

"தெனமும் நெனைக்கிறேன்ப்பா."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல ஒங்க மேல கோவம் வந்திச்சு. இப்ப இல்ல. ஆனா நீங்க அதையே சொல்லிக்கிட்டு இருந்தா, நான் ஒங்களையும் சேத்து சமாதானப்படுத்தணும். என்னையே இப்பத்தான் சமாதானப்படுத்தி முடிச்சிருக்கேன்."

"சரிம்மா" என்றேன். மாவட்டத்தை மாற்றின மாதிரி நடந்ததைத் திரும்ப மாற்ற முடியுமா? பேராதனையில் பல்கலைக்கழகத்து மரங்கள் தெரியத் தொடங்கியதும் அவள் ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முடிவெடுத்தது நான். ரிசல்ட் வந்தது அவள் பெயரில்.