சண்முகராஜின் துப்புரவு

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கம்ப்யூட்டரைத் தட்டி, திரையின் முகப்பில் இருக்கும் தன் படத்தைப் பார்த்துக்கொள்வார் சண்முகராஜ். மேலே தூசி இருந்தால் கைக்குட்டையால் துடைப்பார். சொந்த ஊர் கோம்பை. தேனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உயிர்த்தொழில்நுட்பத் துறைத் தலைவர். திரையில் இருப்பது திராட்சை மரபணுக்களின் டேட்டாபேஸ். உருவாக்கியவர் என்று அவர் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உருவாக்கியதென்னவோ அனுசுயா. காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் மகள், அவரிடம் பிஎச்.டி. செய்கிறவள். அவள் பெயர் எங்கே என்று கேட்டால், "கடைசிப் பக்கத்துல கெடக்கும், பாருங்க" என்பார்.

யார் வந்தாலும் இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவார். "கம்பம் திராட்சையப் பத்தித் தெரியணும்னா அமெரிக்காக்காரனும் இங்கனதான் வரணும்." முகப்பைத் தாண்டி ஒரு பக்கம்கூட அவர் திறந்ததில்லை. திறந்தால் படித்துத் தொலைக்க வேண்டுமே!

அதற்குள் இருப்பதைப் புரிந்துகொள்ள அப்படியொன்றும் பெரிய மூளை வேண்டாம். ஒரே மரபணுவின் நகலைச் செடி வெட்டி, துண்டுகளை வேறு வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டுகிற விதத்துக்கு ஒரு புரதம். பூவில் ஒன்று, பழத்தில் இன்னொன்று. அதனால் ஒரே மரபணுப் பெயரின் கீழ் மூன்று நான்கு புரதங்கள் நிற்கும். அப்படி ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டைத் தேடிச் சேர்ப்பதற்குள் அனுசுயாவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. வெளியூர்ப் பேராசிரியர் டேட்டாபேஸைத் திறந்து பார்த்துத்தான் பட்டத்துக்குச் சம்மதிப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தா மனிதருக்குச் சுறுசுறுப்பு வர வேண்டும்? முதல்முறையாக முகப்பைத் தாண்டி உள்ளே நுழைந்தார். சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்து, பொழுதுக்கும் உட்கார்ந்து, ஒரு பெயருக்கு ஒன்றை வைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் அழித்தார். மிஞ்சியது இருநூற்றுத் தொண்ணூறு. திங்கட்கிழமை அனுசுயாவைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னார்.

"அம்புட்டும் டூப்ளிகேட்டும்மா. ஒரே பேரு நாலு தடவ கெடந்துச்சு. பெரியாளுக வந்து பாத்தாகன்னா நம்மளப் பத்தி என்ன நெனப்பாக? கூட்டிப் பெருக்கிட்டேன்."

அனுசுயா உடனே டேட்டாபேஸின் நகல் இருக்கும் டிஸ்க்கைக் கேட்டாள். அதைப் போன மாதமே வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலியாக்கி, புதுவீட்டில் பால் காய்ச்சிய வீடியோவை ஏற்றிவிட்டாராம். சொந்த லேப்டாப்பில் நகல் வைக்கக் கூடாது, திருட்டுப் போகும் என்று அவளைத் தடுத்த புண்ணியவானும் இவரேதான்.

"சார், அந்த நாலும் ஒன்னு இல்ல சார். வேற வேறன்னு காட்டத்தான் அஞ்சு வருசம் உக்காந்தேன்."

சண்முகராஜுக்குப் புரிந்துவிட்டது என்பது காது சிவந்ததில் தெரிந்தது. மேசைமேல் இருந்த அவளுடைய ஆய்வேட்டை இழுத்தார். முதல் பக்கத்தில் 'ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு புரதங்கள்' என்றிருந்ததைப் பச்சை மையால் அடித்து, 'இருநூற்றுத் தொண்ணூறு' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.