இழைப்பு மிஷினுக்கு வந்த கைப்பிடி

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆயுத பூஜை நாள். மோகனூரில் எங்களுக்கு ஒரு மரப்பட்டறை இருக்கிறது. நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் செய்வோம். நான் சொல்லப்போவது அங்கே நடந்ததுதான்.

பட்டறையில் ஒரு பழைய இழைப்பு மிஷின் உண்டு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றை மூடியபோது என் கணவர் வாங்கி வந்தது. பலகையை அதன் மேல் தள்ளினால் அடியில் சுழலும் பிளேடு சீவிக் கொடுக்கும். பலகை சாயாமல் போவதற்காகப் பக்கத்தில் சுவர் மாதிரி ஒரு நீளமான வார்ப்பிரும்புத் துண்டு நிற்கும். கைடு என்போம். அது மட்டமாக நின்றால்தான் பலகையோடு பலகை இடைவெளி இல்லாமல் சேரும். என்னிடம் பேசியதைவிட அவர் அந்த மிஷினிடம் பேசியதுதான் அதிகம்.

அந்த வருடம் கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்து எழுந்துவிட்டார். இடது கை மட்டும் பாதிதான் திரும்பி வந்தது. மிஷினை ஓட்ட ஓர் ஆளை வைத்தோம். மட்டம் பார்த்துக் கொடுப்பது மட்டும் அவருக்கு மிஞ்சியது. நானோ அவர் எதைத் தொட்டாலும் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன். சட்டைப் பித்தானைக்கூட அவரைப் போட விடுவதில்லை.

ஆயுத பூஜைக்குக் கைடைக் கழற்றித் துடைத்து, உளி, ரம்பத்தோடு வரிசையில் வைத்துச் சந்தனம் இடுவது அவர் வழக்கம். வேறு யாரையும் தொட விடமாட்டார். அன்றும் கழற்றித் தூக்கினார். நான் ஓடினேன்.

"உடு புள்ள, நான் எடுத்துக்கறேன்" என்றார்.

நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை எதற்கு என்று ஒதுங்கி நின்றேன். நாலடிகூட நடந்திருக்கமாட்டார். இடது கை விட்டுவிட்டது. கைடு சிமெண்ட் தரையில் விழுந்து, போல்ட் மாட்டும் காது தனியாக உடைந்து ஓடியது.

அவர் சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன், எனக்கும் வாய் உண்டு. அவர் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து, "மிஷினைக் குடுத்துரலாம். பட்டறையும் போதும்" என்றார். ஒன்றை முடிவாகச் சொல்லிவிட்டால் மறுநாளே செய்துவிடும் மனிதர். பட்டறையை விட்டுவிட்டு இவர் வீட்டில் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்?

உடைந்ததைச் சாக்கில் கட்டி ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேர்ந்தால், லாரிகள் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு நிற்கின்றன. பாதி வெல்டிங் பட்டறைகளில் ஆளே இல்லை. இருந்தவர்களும், "இன்னிக்கிங்களா?" என்று சிரித்துவிட்டுப் பொரி கொடுத்தார்கள். பை நிறையப் பொரி சேர்ந்ததுதான் மிச்சம்.

கடைசியாக ஒரு சின்னப் பட்டறை. உள்ளே இருந்தவருக்கு என் தம்பி வயது இருக்கும். சாக்கைப் பிரித்து உடைந்த இடத்தைப் பார்த்தார்.

"யாரு கால்லயாச்சும் உழுந்துருச்சுங்களா அக்கா?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான்கூட என் வீட்டுக்காரரின் காலைப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. பக்கவாதம், இடது கை, மிஷினைக் கொடுத்துவிடலாம் என்றது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"வெல்டிங் செட்டைப் பூசைக்கு வெச்சுட்டனுங்க. நாளைக்கு மறுபூசை போட்டுத்தானுங்க கை வெப்பேன்" என்றார்.

சரி என்று சாக்கைக் கட்டப் போனேன். அவர் தடுத்தார். கைடைத் துடைத்து, உடைந்த காதை அதன் இடத்திலேயே பொருத்தி, தன் பூஜை வரிசையில் வைத்தார். சந்தனம் குங்குமம் இட்டுப் பூவும் வைத்தார்.

"உங்கூட்டுப் பூசைக்கு இல்லாமப் போயிருச்சல்லங்க, இங்க இருக்கட்டும். நாளைக்கு மொத வேல இதுதானுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர், "சந்தனம் வெச்சானா?" என்று மட்டும் கேட்டார்.

"வெச்சாருங்க" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் போனபோது கைடு சாம்பலுக்குள் கிடந்தது. பற்றவைத்த வார்ப்பிரும்பு சட்டென்று ஆறினால் மறுபடி விரிசல் விடுமாம். வெளியே எடுத்தார். காது ஒட்டியிருந்தது. முதுகுப்பக்கம், நட்டநடுவில், முன்பு இல்லாத ஒன்று இருந்தது. தூக்குவாளிப் பிடி மாதிரி வளைத்துப் பற்றவைத்த ஒரு கம்பி.

"சோத்துக் கைல தூக்கறதுக்குங்க. தூக்கிப் பாத்துத்தான் வெச்சேன், எந்தப் பக்கமும் சாயாதுங்க. மூலைமட்டம் மட்டும் பாக்கல. அது உங்க ஊட்டுக்காரர் பாக்கட்டும்."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பயம். இவர் கை சரியில்லை என்பதை அந்தப் பிடி ஊருக்கே சொல்லுமே, கோபித்துக்கொண்டால்? பட்டறை வாசலில் சாக்கை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

அவரே பிரித்தார். பிடியைத் தடவித் தடவிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வலது கையால் பிடித்துத் தூக்கினார். கைடு ஆடாமல் மேலே வந்தது. மெதுவாக நடந்துபோய் மிஷினில் வைத்துப் போல்ட் முடுக்கினார். கைடு செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார், அடியில் ஒரு தகரத் துண்டைச் செருகினார், மறுபடி பார்த்தார்.

"இங்க வா. இடுக்குல வெளிச்சம் தெரியுதா பாரு."

குனிந்து பார்த்தேன். கண் கலங்கியிருந்ததால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "இல்லீங்க" என்றேன்.

"நேத்து பொரி கொண்டாந்தியே, எங்க?" என்றார்.

நமுத்துப்போன பொரியை அந்த மிஷின் மேலேயே கொட்டி இருவரும் தின்றோம். கொடுத்துவிடலாம் என்ற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவேயில்லை.

இப்போதும் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவர்தான் கைடைத் தூக்கி வருகிறார். சும்மா இருந்தால் என் கை தானாக நீண்டுவிடும் என்று சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கூடவே இருந்த எனக்கு அவருக்கு முடியாமல் போன கைதான் கண்ணில் பட்டது. அவர் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருவர், இருக்கிற கையை நினைத்து ஒரு பிடி வைத்தார்.